மாணவர்களை மழைக்காட்டுக்குக் கூட்டிப்போவது எப்படி: வால்பாறைக் களப்பயணத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

மழைக்காட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம் என்று சொன்னதும் பெரும்பாலும் வருகிற முதல் கேள்வி, "யானை பார்க்கலாமா, புலி வருமா?" என்பதுதான். அந்த எதிர்பார்ப்போடு கிளம்பினால் பாதிப் பிள்ளைகள் வாடிய முகத்தோடுதான் திரும்புவார்கள். மழைக்காட்டில் உயிர்கள் பெரும்பாலும் தலைக்கு மேலே நூறடி உயரத்தில் இலைகளுக்குள் இருக்கும், அல்லது காலடியில் சருகுக்குக் கீழே இருக்கும். வேகமாக நடந்துபோகிறவர் கண்ணில் இரண்டுமே படாது. குறைவாக நடக்க வேண்டும், ஓரிடத்தில் நிறைய நேரம் இருக்க வேண்டும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் ஆள் எண்ணிக்கை, நாள், வண்டி, சாப்பாடு என எல்லா முடிவும் அதற்கேற்ப மாறும்.

ஏன் வால்பாறை

தமிழ்நாட்டில் மழைக்காடு இருக்கும் இடங்கள் சில உண்டு. திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துப் பள்ளிகளுக்குக் களக்காடு முண்டந்துறை கிட்டம். ஒரே நாளில் போய்வர வேண்டுமென்றால் டாப்ஸ்லிப் பக்கம் கரியன் சோலை இருக்கிறது. ஆனால் சுற்றுச்சூழல் கல்வி என்று வரும்போது நான் வால்பாறையைத்தான் முதலில் சொல்வேன். அங்கே காடு மட்டும் இல்லை, காடு என்ன ஆனது என்ற கதையும் கண்ணெதிரே கிடக்கிறது. 1890களிலிருந்து காப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகக் காடு அழிக்கப்பட்டது. எஸ்டேட்டுகளுக்கு நடுவில் தப்பிய காட்டுத் துண்டுகள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். காடு, காடு இருந்த இடம், திரும்ப வளர்ந்துகொண்டிருக்கும் காடு, இந்த மூன்றையும் ஒரே நாளில் ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் காட்ட முடிகிற இடம் அரிது.

எப்போது போவது

பொங்கல் கழித்து ஜனவரி கடைசி, அல்லது பிப்ரவரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அடித்து ஊற்றும். வால்பாறைக்குப் பக்கத்திலுள்ள சின்னக்கல்லார் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. மண்சரிவு, அட்டை, வழுக்கல் என்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு சமாளிப்பது கஷ்டம். அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் வேண்டாம், சாலை முழுக்கச் சுற்றுலா வண்டிதான் இருக்கும். கோடை நெருங்கினால் காட்டுத்தீ பயத்தில் வனத்துறை சில பாதைகளை மூடிவிடும்.

ஜனவரி, பிப்ரவரிக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெடிப்பலா மரம் பூக்கும் காலம் அது. கிளையிலேயே கொத்துக்கொத்தாகப் பூ ஒட்டிக்கொண்டிருக்க, சிங்கவால் குரங்குகள் அதைத் தேடி வரும். இருவாச்சிகள் கூடு கட்டும் காலமும் அதுதான். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளேயே இருக்க, ஆண் பழம் கொண்டுவந்து ஊட்டும். பொந்துள்ள பெரிய மரத்தை வெட்டினால் என்ன ஆகும் என்று இதன் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: கூடு தெரிந்தாலும் அதன் அருகே கூட்டமாகப் போகக் கூடாது. ஆண் பறவை மிரண்டு உணவு கொடுக்காமல் திரும்பிப் போய்விடும்.

எத்தனை பேர்

ஐம்பது பேர் பஸ்ஸை நிரப்பினால்தான் செலவு கட்டுப்படியாகும் என்று நிர்வாகம் சொல்லும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இருபது, அதிகபட்சம் இருபத்தைந்து பிள்ளைகள், ஆறேழு பேருக்கு ஒரு பெரியவர். ஐம்பது பேரின் காலடிச் சத்தத்தில் காடு வாயை மூடிக்கொள்ளும், கடைசியில் நடப்பவருக்கு முன்னால் இருப்பவர் சொன்னது எதுவும் கேட்காது. ஆசைப்படுகிறவர்கள் அதிகம் என்றால் இரண்டு அணியாகப் பிரித்து வேறு வேறு நாளில் போங்கள். நன்றாகப் படிப்பவர்களை மட்டும் பொறுக்கவும் வேண்டாம். வகுப்பில் ஓரிடத்தில் உட்காராத பையன் காட்டில் எல்லோருக்கும் முன்னால் ஓணானைக் கண்டுபிடிப்பான்.

பெண் பிள்ளைகள் இருந்தால் பெண் ஆசிரியர் கட்டாயம். மாதவிடாய் நாள் வந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். கூடுதல் நாப்கின், பழைய செய்தித்தாள், பயன்படுத்தியதைத் திரும்பக் கொண்டுவர ஒரு மூடிய டப்பா, இவை ஆசிரியரின் பையில் இருக்கட்டும். பொள்ளாச்சி, ஆழியாறு, வால்பாறை என எங்கெங்கே கழிப்பறைக்கு நிறுத்தலாம் என்பதையும் முன்பே குறித்துவையுங்கள். பல பெண் பிள்ளைகள் இந்தப் பயத்தில் தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டிவிடுவார்கள், மத்தியானம் தலைவலி வரும்.

அனுமதி

இதைக் குறைந்தது இரண்டு மாதம் முன்னாலேயே தொடங்குங்கள். காப்பகத்துக்குள் போக வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பள்ளியின் முகப்புத் தாளில் நோக்கம், தேதி, பெயர்ப் பட்டியல், வண்டி எண், பொறுப்பாசிரியர் தொலைபேசி எண் எல்லாம் போட்டு, பொள்ளாச்சியில் உள்ள ஆனைமலைப் புலிகள் காப்பக அலுவலகத்துக்கு எழுதுங்கள். நேரில் ஒருவர் போய்ப் பேசுவது நல்லது. எந்த இடத்துக்குப் போகலாம், எங்கே தங்கலாம், யார் வழிகாட்டியாக வருவார் என்பதை அவர்களே சொல்வார்கள். புல்மலை, அக்காமலைப் பக்கமெல்லாம் கட்டுப்பாடு அதிகம், பள்ளிக் குழுவுக்கு அது தேவையும் இல்லை.

பலர் தவறவிடுவது இன்னொன்று: காட்டுத் துண்டுகளில் பல தனியார் எஸ்டேட் நிலத்துக்குள் இருக்கின்றன. அங்கே எஸ்டேட் மேலாளரின் அனுமதி தனி. மழைக்காட்டு மீட்பில் 20 ஆண்டுகளுக்கு மேலாக அங்கே வேலை செய்துவரும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்புக்கும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அவர்களுக்கு நேரமிருந்து ஒருவர் உடன் வந்தால் பயணத்தின் தரமே வேறு.

அரசுப் பள்ளி என்றால் கல்வித்துறை அனுமதி, எல்லாப் பள்ளிக்கும் பெற்றோர் ஒப்புதல் கடிதம். அந்தக் கடிதத்திலேயே வீசிங், வலிப்பு, ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மாத்திரை இவற்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள். வால்பாறைக்குப் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் தேவையா என்பதைக் கிளம்பும் வாரத்தில் கோவை மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

போகும் முன் வகுப்பில் செய்ய வேண்டியது

படம் போட்டு மணிக்கணக்கில் பாடம் எடுக்க வேண்டாம். இரண்டு வகுப்பு போதும். ஒன்றில் மேற்குத் தொடர்ச்சி மலையின் வரைபடத்தை விரித்து, அரபிக்கடல் ஈரக்காற்று எங்கே மோதுகிறது, பொள்ளாச்சி ஏன் அவ்வளவு காய்கிறது, வால்பாறை ஏன் நனைகிறது என்று அவர்களையே சொல்லவிடுங்கள். நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எந்த ஆறு, அது எந்த மலையில் தொடங்குகிறது என்பதையும் அதிலேயே தேடட்டும்.

இரண்டாவது வகுப்பு பள்ளி மைதானத்தில், ஒத்திகை. ஒரு வேப்பமரத்தடியில் எல்லோரும் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து கேட்கும் ஒலிகளைக் குறிக்க வேண்டும். முதல் முறை இரண்டாவது நிமிடத்திலேயே சிரிப்பு கிளம்பிவிடும். பரவாயில்லை, அந்தச் சிரிப்பு காட்டில் வராமல் இங்கேயே வந்து தீரட்டும். கூடவே பைனாகுலரைச் சரிசெய்யவும், கயிற்றால் மரத்தின் சுற்றளவு எடுக்கவும் பழக்கிவிடுங்கள்.

பையில் என்ன

அட்டை கடிக்காமல் இருக்க முழங்கால் வரை வரும் சாக்ஸ் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி, நெருக்கமான பருத்தித் துணியில் உள்ளூர் தையல்காரரிடமே தைத்துக்கொள்ளலாம். பிடிப்புள்ள பழைய ஷூ, முழுக்கை சட்டை, பச்சை அல்லது மண் நிறத்தில். வெள்ளை, சிவப்பு வேண்டாம். வாசனைத் திரவியமும் வேண்டாம். ரெயின்கோட், ஸ்வெட்டர், மாற்றுடை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள். தட்டு, தம்ளர், தண்ணீர் பாட்டில் அவரவருடையது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியிலிருந்தே தடை இருக்கிறது, காப்பகச் சோதனைச்சாவடியில் பையைத் திறந்தும் பார்ப்பார்கள்.

குழுவுக்குப் பொதுவாக: இரண்டு வெப்பமானி, நான்கைந்து மீட்டர் கயிறு சில, கைலென்ஸ், முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி, டேப், பைனாகுலர் இரண்டு மூன்று, முதலுதவிப் பெட்டி, ஓ.ஆர்.எஸ். நோட்டும் பென்சிலும் வேண்டும். பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும். பிள்ளைகளிடம் செல்போன் வேண்டாம். படம் எடுக்க ஆசிரியரிடம் ஒன்று இருந்தால் போதும். ட்ரோன் கொண்டுபோகவே கூடாது.

மலையேறும் சாலையே முதல் வகுப்பு

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 60 கி.மீ.க்குச் சற்று அதிகம், 40 கொண்டை ஊசி வளைவுகள். பெரிய சொகுசுப் பேருந்து வேண்டாம், மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய ஓட்டுநரோடு இரண்டு வேன் நல்லது. ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும், இறங்கும்போது கியரில்தான் இறங்க வேண்டும், இதெல்லாம் தெரிந்தவரா என்று கேட்டே அமர்த்துங்கள். காலையில் இட்லி மாதிரி லேசான சாப்பாடு, வாந்தி வரும் பிள்ளைகள் முன் இருக்கையில், எலுமிச்சம்பழம் கையில்.

சீக்கிரமே கிளம்பி ஆழியாறு தாண்டுங்கள். அங்கிருந்து பிள்ளைகளைத் தூங்கவிடாதீர்கள். அடிவாரத்தில் முள் புதரும் காய்ந்த மரங்களும், கொஞ்சம் ஏறியதும் இலையுதிர் காடு, அட்டகட்டியை நெருங்க நெருங்கப் பசுமை அடர்ந்து காற்றே மாறும். ஒவ்வொரு பத்து வளைவுக்கும் வெப்பமானியைப் பார்த்து ஒருவர் எழுதட்டும். ஒன்பதாவது வளைவுக் காட்சிமுனைப் பக்கம் பாறையில் வரையாடு நிற்கலாம். நம் மாநில விலங்கைக் காட்டிலேயே பார்க்கக் கிடைக்கும் சில சாலையோரங்களில் இது ஒன்று. நாட்டுக்குரங்குகளும் வண்டியைச் சூழும். பிஸ்கட் ஒன்றுகூடப் போடக் கூடாது. சாலையோரம் கையேந்திப் பழகிய குரங்கு வண்டியில் அடிபட்டுத்தான் சாகிறது, இதைப் பிள்ளைகளிடம் மழுப்பாமல் சொல்லுங்கள்.

காட்டுக்குள்

இரு நாள் பயணம் என்றால் முதல் நாள் மதியம் தேயிலைத் தோட்டமும் ஊரும், இரண்டாம் நாள் காலை காடு. காலை ஆறரை, ஏழு மணிக்குப் பறவைகளும் குரங்குகளும் சுறுசுறுப்பாக இருக்கும்போது காட்டு விளிம்பில் நில்லுங்கள். முன்னால் வழிகாட்டி, கடைசியில் ஒரு ஆசிரியர், நடுவில் பிள்ளைகள் ஒற்றை வரிசையில். வழிகாட்டி கையை உயர்த்தினால் எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும், கேள்வியெல்லாம் அப்புறம். மூன்று மணி நேரத்துக்கு இருநூறு, முந்நூறு மீட்டர் நடந்தாலே போதும்.

முதல் வேலை, இருபது நிமிட அமைதி. ஆளுக்கு ஐந்தாறு அடி இடைவெளியில், வழிகாட்டி காட்டும் இடத்தில், தரையைப் பார்த்துவிட்டு உட்காரட்டும். நோட்டின் நடுவில் தன்னை ஒரு புள்ளியாகப் போட்டு, கேட்கும் ஒலியை அது வரும் திசையில் குறிக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே இல்லை போல் இருக்கும். பிறகு சிள்வண்டு, அதற்குப் பின்னால் ஓடை, கருமந்தியின் "ஹூ... ஹூ..." கூப்பாடு, மலை அணில் கொறித்துப் போடும் தோல் இலைமேல் விழும் சத்தம். இருவாச்சி பறந்தால் இறக்கைச் சத்தம் முதலில் கேட்கும், பிறகுதான் பறவை தெரியும்.

அடுத்தது சருகுக் கட்டம். பயணத்திலேயே இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். நான்கு பேருக்கு ஒரு கயிறு, தரையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம். ஒரு குச்சியால் மெல்ல, அடுக்கு அடுக்காக விலக்க வேண்டும், கையை விடக் கூடாது. மேலே நேற்று விழுந்த முழு இலை, நுனி மட்டும் வால் போல நீண்டு கூர்ந்திருக்கும், மழைநீர் வழிந்தோட அந்த நுனி. அதற்கடியில் நரம்பு மட்டும் மிஞ்சிய இலை. இன்னும் கீழே ஈரத்தில் ஒட்டிக்கொண்ட கறுத்த துணுக்குகள், அவற்றைக் கோத்திருக்கும் வெள்ளைப் பூஞ்சை இழைகள், சுருண்டுகொள்ளும் மரவட்டை. இரண்டு மூன்று விரற்கடை ஆழத்தில் மண் வந்துவிடும். இவ்வளவு பெரிய மரத்தைத் தாங்குகிற சத்து இந்த மெல்லிய அடுக்கில் அழுகி, உடனே வேருக்குத் திரும்பிப் போகிறது. மரத்தை வெட்டி இந்த அடுக்கை வெயிலும் மழையும் நேராகத் தாக்கவிட்டால் சில பருவங்களில் கரைந்து ஓடையில் போய்விடும் என்பதை அந்தச் சதுரத்தைக் காட்டியே சொல்லலாம். எத்தனை வகை இலை, எத்தனை முளைத்த கன்று, எத்தனை வகைப் பூச்சி என்று எண்ணி எழுதிய பிறகு சருகைப் பழையபடி மூடிவிட வேண்டும்.

சதுரத்துக்குள்ளோ பாதையிலோ விதைகள் நிறைந்த எச்சம் கிடந்தால் அது அதிர்ஷ்டம். மரநாய் போட்டதாக இருக்கலாம். கைலென்ஸில் பார்த்து, மேலே அந்தப் பழமரம் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். பெரும்பாலும் இருக்காது. விதை எங்கிருந்தோ நடந்தோ பறந்தோ வந்திருக்கிறது. கருங்குங்கிலியம் போன்ற பெரிய விதை மரங்களுக்கு இருவாச்சியும் பெரிய புறாக்களும்தான் துணை, அவை போனால் மரத்தின் வாரிசும் போகும்.

மூன்றாவது, கண்ணாடி. மூக்குக்குக் கீழே கண்ணாடியைப் படுக்கையாகப் பிடித்து அதில் தெரியும் விதானத்தை, அதாவது தலைக்கு மேலுள்ள இலைக் கூரையைப் பார்த்துக்கொண்டு வழிகாட்டி சொல்லும் சமதளத்தில் சில அடி நடக்கட்டும். வானம் எவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்பது அப்போதுதான் புரியும். கடைசியாக ஒப்பீடு: ஒரு அணி காட்டுக்குள், ஒரு அணி தேயிலைக்கு நடுவில், ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில், நேரடி வெயில் படாமல் வெப்பமானியைப் பிடித்துப் பத்து நிமிடம் கழித்து எழுத வேண்டும். அதே இரண்டு இடத்திலும் மர வகைகளையும் எண்ணட்டும். தேயிலைக்குள் நிழலுக்கு நிற்பது பெரும்பாலும் சில்வர் ஓக் மட்டும்தான்.

மீட்பு நடக்கும் இடம்

அனுமதி கிடைத்தால் மரக்கன்று நட்டுச் சில ஆண்டுகளான ஒரு துண்டையும், எதுவும் செய்யாமல் உண்ணிச்செடி மூடிய துண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். விதை பொறுக்கி, நாற்றங்காலில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைக் கன்றுகளை வளர்த்து, களையை எடுத்து நடும் வேலை இது. ஒரு கன்று காடாக எத்தனை காலம் ஆகும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பழைய காட்டில் ஒரு மரத்தைக் கட்டிப்பிடிக்க எத்தனை பேர் தேவை, இங்கே எத்தனை பேர் என்று அளந்துவிட்டால் பதில் தானாக வரும். நாமும் நடலாமா என்பார்கள். கண்ட கன்றைக் கொண்டுபோய்க் காட்டில் நடுவது கெடுதல், எந்த இடத்துக்கு எந்த மரம் என்று தெரிந்தவர்கள் சொன்னால் மட்டும்.

புதுத்தோட்டம் பக்கம் சாலைக்கு மேலே குரங்குகளுக்காகக் கட்டிய பாலங்களைக் காட்டுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத சிங்கவால் குரங்கு, மரம் விட்டு மரம் போக வழியில்லாமல் தார்ச்சாலையில் இறங்குகிறது. காட்டைத் துண்டாக்குவது என்றால் என்ன என்பது அங்கே நின்று பார்த்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

மனிதர்களையும் சந்திக்க வேண்டும்

காடர், மலைமலசர், முதுவர் போன்ற பழங்குடிகள் இந்த மலையின் ஆதிக் குடிகள். வழிகாட்டியாக வரும் காடர் ஒருவர் ஒரு மரப்பட்டையைத் தொட்டுச் சொல்லும் விவரம் எந்தப் பாடநூலிலும் இருக்காது. அவரை "ஐயா", "அண்ணா" என்று மரியாதையாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கப் பழக்குங்கள். குடியிருப்புக்குள் கூட்டமாகப் போய்ப் படம் எடுப்பது வேண்டவே வேண்டாம். கல்லார் என்ற காடர் குடியிருப்பின் மக்கள் நிலச்சரிவுக்குப் பிறகு தெப்பக்குளமேட்டில் இடம் கேட்டுப் போராடிப் பெற்றதையும், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தையும் பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு பேசலாம்.

எஸ்டேட் தொழிலாளர் ஒருவரிடமும் பேசவையுங்கள். யானை பக்கத்தில் வந்தால் செல்போனுக்கு வரும் குறுஞ்செய்தி, எரியும் சிவப்பு விளக்கு, சிறுத்தைக்குப் பயந்து பிள்ளைகளை அந்திக்கு முன் வீட்டுக்குள் அழைப்பது, எல்லாம் அவர் வாயால் கேட்கட்டும். காட்டுயிரோடு சேர்ந்து வாழ்வதை நகரத்தில் இருந்துகொண்டு சொல்வது எளிது, அதன் விலையைக் கொடுப்பது அவர்கள்தான்.

பாதுகாப்பு

அட்டை கடித்தால் பதற வேண்டாம். நகத்தால் அதன் வாய்ப் பக்கம் மெல்லத் தள்ளினால் விழுந்துவிடும். ஒட்டியிருக்கும்போது உப்போ நெருப்போ வைத்தால் காயத்துக்குள்ளேயே கக்கும். ரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் வரும், சோப்பால் கழுவிப் பஞ்சு வைத்து அழுத்துங்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடக் கூடாது, கீறக் கூடாது. கடித்த உறுப்பை அசைக்காமல் வைத்து 108ஐ அழைத்து வால்பாறை அரசு மருத்துவமனைக்குப் போங்கள். காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் இருக்காது, அதனால் வண்டியும் ஓட்டுநரும் எப்போதும் தயாராகப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஓடை, அணைத் தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது, இதில் விதிவிலக்கே இல்லை. மாலை ஐந்தரைக்கு மேல் தங்கும் இடத்துக்கு வெளியே நடமாட்டம் வேண்டாம், சிறுத்தையும் யானையும் உலவும் ஊர் அது. திரும்பிய இரண்டு மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் சொல்லும்படி பெற்றோருக்குச் செய்தி அனுப்புங்கள். உண்ணிக்கடியால் வரும் காய்ச்சலைக் கண்டுபிடிக்க அந்த ஒரு தகவல் உதவும்.

சாப்பாட்டுக்குப் புளிசாதமோ எலுமிச்சை சாதமோ போதும். காட்டுக்குள் டப்பாவைத் திறக்க வேண்டாம், வண்டிக்குத் திரும்பியே சாப்பிடுங்கள். ஆரஞ்சுத் தோல்கூடத் திரும்பி வர வேண்டும்.

வந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் செய்தால்தான் நடக்கும். ஒவ்வொரு சதுரத்திலும் எண்ணியது, வெப்பநிலை, மரச் சுற்றளவு எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். பார்த்த பறவைகளை, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஆசிரியரின் கணக்கில் ஏற்றலாம். பள்ளி வளாகத்து மரங்களில் ஒன்றை ஆளுக்கொன்றாகத் தத்தெடுத்து, வாரம் ஒருமுறை துளிர், பூ, காய் குறித்து, மரங்களின் பருவ மாற்றத்தைப் பொதுமக்களே பதியும் சீசன்வாட்ச் திட்டத்தில் பதியலாம், காட்டில் பழகிய கண் இங்கே வேலைக்கு வரும். கட்டுரைப் போட்டி வைத்துத்தான் தீர வேண்டுமென்றால் "நான் கண்ட காடு" என்று பொதுவாகக் கொடுக்காமல், தன் சதுரத்தில் கிடந்த ஒரே ஒரு பொருளைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

அட்டவணையின் நகலை வனத்துறை அலுவலகத்துக்கும் எஸ்டேட்டுக்கும் வழிகாட்டிக்கும் நன்றிக் கடிதத்தோடு அனுப்பிவிட்டு, அதே கடிதத்தில் அடுத்த ஆண்டுக்கான தேதியையும் கேட்டுவிடுங்கள். இடத்தை மாற்றாதீர்கள். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் அதே மரத்தை அளந்து இந்த ஆண்டு எண்ணோடு ஒப்பிடட்டும்.